தமிழாசிரியரும் கல்வித் தொழில்நுட்பத் தலைமையும்: இராமநாதபுரக் கடற்கரையை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

கல்வித் தொழில்நுட்பம் என்னும் தொடர் தமிழ்த்துறைகள் நடத்தும் கருத்தரங்குகளில் இப்போது அடிக்கடி ஒலிக்கிறது. இணையமும் தமிழும், செயற்கை நுண்ணறிவும் இலக்கியமும் என்பன போன்ற தலைப்புகளில் கட்டுரைத் தொகுப்புகளும் வெளிவருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை கருவிகளின் பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பயன்களைக் கூறி நிறைவுபெறுகின்றன. கருவியைக் கையாளும் ஆசிரியர் எவ்வாறு வளர்கிறார், ஒரு வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்தியவர் பல பள்ளிகளுக்கு வழிகாட்டும் நிலைக்கு எவ்வாறு உயர்கிறார், அவ்வுயர்வை எவர் அளக்கிறார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. தமிழாசிரியரைக் குறித்து இவ்வினாக்கள் எழுவது இன்னும் அரிது. பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அமைந்தால் அதன் பொறுப்பு கணினி ஆசிரியருக்கோ அறிவியல் ஆசிரியருக்கோ உரியது என்பது எழுதப்படாத வழக்காகவே இருந்துவருகிறது. தமிழாசிரியருக்கு இலக்கிய மன்றம்.

கல்வித் தொழில்நுட்பத்தில் ஆசிரியரின் தலைமை என்பது அவர் எத்தனை செயலிகளை இயக்க அறிவார் என்பதைப் பொறுத்ததன்று. பிற ஆசிரியர்கள் எடுத்தாளத்தக்க அறிவை அவர் உருவாக்குகிறாரா என்பதைப் பொறுத்தது. அவ்வாறு உருவாகும் அறிவை ஆராய்ந்து ஏற்கும் இடமாகத் தமிழ்த்துறைகள் இருந்திருக்க வேண்டும். இன்று அவ்வாறு இல்லை. இவ்விரு கருத்துகளையும் இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதியை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை முன்வைக்கிறது. 2018 சனவரியில் நிதி ஆயோக் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும் மட்டுமே. கல்வி உள்ளிட்ட துறைகளின் நிலை அங்கு எண்களாகத் தொடர்ந்து பதிவேற்றப்படுகிறது. அதே மண்ணில்தான் தமிழ் தன் காலத்துப் புதிய தொழில்நுட்பத்தைத் தயக்கமின்றிக் கையிலெடுத்த ஒரு வரலாறும் இருக்கிறது.

அச்சுக்காலத்துச் சான்று

1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இராமநாதபுரம் சேதுபதி மரபைச் சார்ந்தவர்; அரசர் பாசுகர சேதுபதியின் ஆதரவும் அச்சங்கத்திற்கு இருந்தது. புலவரைப் போற்றிப் பரிசில் வழங்கும் பழைய புரவலர் மரபின் தொடர்ச்சியாக மட்டுமே இந்நிகழ்வைக் காண்பது நம் வழக்கம். அச்சங்கம் அமைத்துக்கொண்டவற்றைப் பார்த்தால் வேறொரு செய்தி புலப்படும். நூலகம், அச்சகம், 'செந்தமிழ்' என்னும் ஆய்விதழ், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிப்படியாக அமைந்த தேர்வுகள். அறிவைச் சேர்த்தல், பெருக்குதல், சோதித்தல், சான்றளித்தல் ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்த அமைப்பு அது. இன்று கல்வித் தளங்கள் என்று நாம் அழைப்பவை செய்ய முயல்வதும் இதனையே.

அச்சங்கத்தின் வழியாக 1910-இல் வெளிவந்த 'அபிதான சிந்தாமணி' நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அதனைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னைப் பச்சையப்பன் கல்வி நிறுவனத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். கலைக்களஞ்சிய ஆசிரியர் என்னும் பெரும்பெயரின் நிழலில் அவர் ஓர் ஆசிரியர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை, மனனம் செய்வதற்குரியவை. பொருளை நினைவிலிருந்து எடுப்பதற்கு மாறாக, அகர வரிசையில் தேடி எடுப்பது வேறொரு முறை. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் கையாண்ட அம்முறையைப் புராணப் பெயர்கள் முதல் சமயச் செய்திகள் வரை விரித்துச் செல்லும் பெருந்தொகுப்புக்கு உரியதாக்கியவர் சிங்காரவேலு முதலியார். தேடுபவர் எவராயினும் தாமே கண்டெடுக்கும்படி அறிவை அடுக்கித் தருவதைத் தொழில்நுட்பம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த கையெழுத்துப்படி அச்சேறப் பாண்டித்துரைத் தேவரின் துணை வேண்டியிருந்தது. ஆசிரியரின் உழைப்பு தனிமனித உழைப்பு. ஆயின் அது பிறருக்குப் பயன்படும் நிலையை அடைந்தது ஒரு நிறுவனம் அதனை மதித்து ஏற்றதனால். அச்சங்கம் தரத்தைப் பற்றிக் கவலையற்று இருந்ததுமில்லை. திருக்குறளைத் தம் விருப்பப்படி திருத்தி ஒருவர் வெளியிட்ட பதிப்பின் படிகள் அனைத்தையும் பாண்டித்துரைத் தேவர் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. பிழையான பதிப்பை எதிர்கொள்ள அழிப்பதுதான் வழியா என்று இன்று கேட்கலாம். இணையத்தில் உலவும் பிழையான தமிழ்ப்பாடக் காணொலிகளை எந்தப் புரவலராலும் விலைக்கு வாங்கிவிட இயலாது. எனவே அன்று செல்வம் செய்த வேலையை இன்று மதிப்பீடு செய்ய வேண்டியுள்ளது. அம்மதிப்பீட்டுக்குரியோர் தமிழறிந்தோர் அல்லாமல் வேறு யார்?

நன்னூலார் காட்டும் நான்கு

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறுகிறது. இப்பகுதி ஆசிரியர் தின உரைகளில் தவறாமல் இடம்பெறும். ஆசிரியர் ஆகாதாருக்கு அந்நூல் கூறும் நான்கு உவமைகளோ பெரும்பாலும் தேர்வோடு மறக்கப்படுகின்றன. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் அந்நான்கும் இன்றைய ஆசிரியர் பயிற்சி முறையை ஆராய்வதற்குப் பெரிதும் பயன்படுவன என்பது என் கருத்து.

கழற்சிக்காய்களை நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் அவை இட்ட வரிசையில் வெளிவருவதில்லை. மாநில அளவில் கருத்தாளருக்கு அளிக்கப்படும் பயிற்சி மாவட்டத்திற்கும், அங்கிருந்து வட்டார வள மையத்திற்கும், பின் பள்ளி ஆசிரியருக்கும் இறங்கி வரும் அடுக்குமுறையைக் கண்டோர் இவ்வுவமையின் நுட்பத்தை உணர்வர். இராமநாதபுரத்தில் இவ்வடுக்கின் நடுப்படியாக மஞ்சூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் உழைப்போர் உழைக்கின்றனர். ஆயினும் செயலியைத் திறப்பது எப்படி என்பது கடைசிப் படிவரை சிதையாமல் வந்துசேர்கிறது. அச்செயலியை எந்தப் பாடத்திற்கு, எந்த மாணவருக்கு, ஏன் பயன்படுத்த வேண்டும் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

பருத்திக்குண்டிகை என்பது வாய் குறுகிய கலத்தில் பஞ்சை அடைத்து வைப்பது. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 2019-இல் தொடங்கிய நிட்டா பயிற்சி பெருந்தொற்றுக் காலத்தில் தீக்ஷா தளத்தின் வழியே இணையவழியாக மாறியது. மணிக்கணக்கும் சான்றிதழும் சேர்கின்றன. உள்ளே சென்ற பஞ்சு வகுப்பறையில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதே வினா.

மடற்பனையைப் பற்றி இராமநாதபுரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. மட்டைகள் அடர்ந்த பனையில் ஏறிப் பறிக்க இயலாது; அது தானாக உதிர்ப்பதையே பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் திருத்தவோ, பிரிக்கவோ, தம் ஊருக்கேற்ப மாற்றவோ இடந்தராத எண்மப் பாடங்கள் எல்லாம் மடற்பனைகளே. 2018-19 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெற்ற விரைவுக் குறியீடுகள் நல்ல முயற்சி. ஆயினும் நெய்தல் திணைப் பாடத்தைப் பாம்பனில் நடத்தும் ஆசிரியரும் தருமபுரியில் நடத்தும் ஆசிரியரும் அக்குறியீட்டைத் தொட்டால் ஒரே காணொலிதான் வருகிறது. பாம்பன் ஆசிரியர் அதில் ஒரு வரியைச் சேர்க்க வழியில்லை. முடத்தெங்கு இதற்கு மறுதலை. ஒருவர் நீரூற்றி வளர்த்த வளைந்த தென்னை அடுத்தவர் மனையில் காய்களை உதிர்க்கும். ஆசிரியர் தம் ஓய்வுநேரத்தில் உருவாக்கிய வினாத்தாள்களும் படக்காட்சிகளும் பெயரின்றிப் புலனக்குழுக்களில் சுற்றி, வேறொருவரின் வலையொளிக்கு வருவாயாவதைக் காண்கிறோம்.

நன்னூலாரின் நோக்கு மாணாக்கர் பயிலத் தகாத ஆசிரியரைக் காட்டுவது; இங்கு அவ்வுவமைகள் ஆசிரியரைப் பயிற்றும் அமைப்பின்மீது ஏற்றப்பட்டுள்ளன. இது மிகைப்பொருள் கொள்ளல் எனச் சிலர் கருதலாம். ஆசிரியருக்கே ஆசிரியராக ஓர் அமைப்பு நிற்கும்போது அதே உரைகல்லில் அதனையும் உரைத்துப் பார்ப்பது பொருந்தும் என்பது என் துணிபு.

திருப்புல்லாணியும் கீழாம்பலும்

இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறக்கும் முறையை விளக்க மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றதை ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தம் உரைகளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். மிகப் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுத் தேய்ந்துபோன செய்திதான். இருப்பினும் அதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கரும்பலகையில் வரைந்த படம் போதவில்லை என்று கண்ட ஆசிரியர், தம் ஊரில் என்ன கிடைக்கும் என்று பார்த்தார். எந்தக் கருவி எந்த இடத்தில் போதாது என்று அறிவதே தொழில்நுட்ப அறிவின் முதற்பகுதி.

அதே மாவட்டத்தில் நம் காலத்தில் நிகழ்ந்தவை இரண்டு. திருப்புல்லாணி சுரேஷ் சுதா அழகன் நினைவு அரசு மேல்நிலைப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய வே. இராசகுரு, தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் வழியாகப் பள்ளி மாணவர்களைக் கல்வெட்டுப் படிக்கப் பழக்கினார். தம் ஊரின் கோயிற்சுவரில் இருப்பதைத் தாமே படித்தறியும் மாணவர்களை ஓர் அரசுப்பள்ளி உருவாக்கியது. அவர் பின்னர் இராமநாதபுரம் தொல்லியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவும் அறியப்படுகிறார். பள்ளியாசிரியர் துறையறிஞராக வளரும் பாதை இதுவே. மைப்படி எடுக்கும் தாளும் தூரிகையும் முதல் திறன்பேசியின் ஒளிப்படக்கருவி வரை கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். எழுத்தறிவும் அதனைப் பிறர்க்குக் கைமாற்றும் திறனும் முன்னே நின்றால் கருவி தானே பின்வரும்.

மற்றொருவர் போகலூர் ஒன்றியம் கீழாம்பல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கு. இராமச்சந்திரன் என நாளிதழ்களால் அறியப்பட்டவர். 2022-ஆம் ஆண்டு தேசிய நல்லாசிரியர் விருதுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தேர்வானவர் அவர் ஒருவரே. மாணவர் சீருடையையே தாமும் அணிந்து பள்ளிக்கு வருபவர் என்பதால் நாளிதழ்கள் அவரைப் பெரிதும் எழுதின. சீருடை அணிவது தொழில்நுட்பமன்று. ஆயினும் தலைமை என்பதை மேலிருந்து இறங்குவதாகவே எண்ணிப் பழகிய நமக்கு, மாணவர் வரிசையில் நின்று தொடங்கும் தலைமை புதிது. செயலி ஒன்றைப் பயனரின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று கணினித்துறையினர் நூல்கள் எழுதுகின்றனர். ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் அதனை உடையால் சொல்லிவிட்டார்.

விருது குறித்து ஒன்று சொல்ல வேண்டும். விருது ஓர் ஆசிரியரைக் காட்டுகிறது. அவர் முறையைக் காட்டுவதில்லை. விருது பெற்றவரைப் பற்றி வரும் செய்திகளில் அவர் செலவிட்ட தொகையும் அவர் காட்டிய அன்பும் இருக்கும். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறிய மாணவரை எவ்வாறு வாசிக்க வைத்தார் என்பது இருக்காது. அந்த நுணுக்கத்தை எழுதிவைத்தால்தானே அடுத்த ஒன்றியத்து ஆசிரியர் கற்க இயலும். அதனை எழுதும் இதழ் எது?

ஏணியில் இல்லாத படி

தொடக்கப்பள்ளி ஆசிரியர் தலைமையாசிரியராகலாம், நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராகலாம், வட்டாரக் கல்வி அலுவலராகலாம். பட்டதாரித் தமிழாசிரியர் முதுகலை ஆசிரியராகலாம். பணிமூப்பும் தகுதியும் இவ்வேணியை நிருவகிக்கின்றன. கற்பித்தலில் புதுமுறை கண்டு அதனைப் பிறருக்குப் பயிற்றும் ஆசிரியருக்கு இவ்வேணியில் தனிப்படி இல்லை. அவர் நன்றாகச் செய்தால், வகுப்பறையை விட்டு அலுவலகப் பணிக்கோ பயிற்சிப் பணிக்கோ அழைக்கப்படுகிறார். நல்ல ஆசிரியரை வகுப்பிலிருந்து பிரிப்பதே அவருக்குச் செய்யும் சிறப்பு என்றாகிவிட்டது. வகுப்பில் நின்றுகொண்டே வழிகாட்டும் நிலை ஒன்று தேவை.

யுனெசுகோ 2018-இல் வெளியிட்ட ஆசிரியர்க்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திறன் சட்டகத்தின் மூன்றாம் பதிப்பு ஆசிரியரின் வளர்ச்சியை அறிவைப் பெறுதல், அறிவை ஆழப்படுத்தல், அறிவை உருவாக்கல் என மூன்று நிலைகளாகப் பகுக்கிறது. நம் பயிற்சிகள் பெரிதும் முதல்நிலையில் நிற்கின்றன. தமிழ்நாட்டரசு 22,931 திறன் வகுப்பறைகளையும் ஆசிரியர்க்கு 79,723 கைக்கணினிகளையும் அறிவித்தது பெருமுதலீடு. அதனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் கைக்கணினியில் வருகையைப் பதிவதும் எமிஸ் தளத்தில் விவரங்களை ஏற்றுவதுமே ஆசிரியரின் தொழில்நுட்பப் பணியாக முடியுமாயின், அவர் மூன்றாம் நிலைக்கு எவ்வாறு செல்வார்? புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் முன்வைத்த கோட்பாடும் இங்கு நினைக்கத்தக்கது. 1986-இல் லீ சுல்மன் பாட அறிவையும் கற்பித்தல் அறிவையும் இணைத்துக் கூறியதன்மேல் அவர்கள் தொழில்நுட்ப அறிவைச் சேர்த்தனர். மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்திலேயே கற்பித்தல் நிகழ்கிறது என்பது அதன் சாரம். பாட அறிவு அதில் ஒரு கால். அக்கால் தமிழாசிரியரிடம் இருக்கிறது. அவரை விலக்கிவிட்டுத் தமிழுக்கு எண்மப்பாடம் உருவாக்குவது ஒரு காலை எடுத்துவிட்டு முக்காலியை நிறுத்துவது போன்றது.

பள்ளித் தமிழாசிரியரையும் பல்கலைக்கழகத்தையும் இணைத்த பாலம் ஆய்வியல் நிறைஞர் பட்டம். பணியிலிருந்தபடியே பகுதிநேரமாகவும் விடுமுறைக் காலத்திலும் அதனைப் பயின்றோர் ஏராளம். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகளோடு அப்பட்டம் நீங்கியது. (அப்பட்டத்தைப் பெற்ற கடைசித் தலைமுறையினருள் இக்கட்டுரையாளரும் ஒருவர்.) உயர்கல்வித் தகுதிக்கு அரசு வழங்கிவந்த முன் ஊதிய உயர்வு அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், நிறுத்தப்பட்டது. இனிப் பள்ளித் தமிழாசிரியர் பல்கலைக்கழக வாயிலை மிதிக்க வேண்டிய தேவையும் இல்லை, ஊக்கமும் இல்லை.

அப்பாலத்தை இழந்ததற்காக வருந்துமுன் அதன்வழி என்ன சென்றது என்றும் பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஆய்வுக்கு வந்தால், அவருக்கு நாம் அளித்த தலைப்பு ஏதேனும் ஒரு நாவலில் சமுதாயச் சிந்தனைகள். புணர்ச்சி விதியை எவ்வாறு கற்பித்தால் மாணவர்க்கு விளங்குகிறது, எவ்வெழுத்துப் பிழை எவ்வட்டாரப் பேச்சிலிருந்து பிறக்கிறது என்பவற்றில் அவருக்கிருந்த பட்டறிவை ஆய்வுப்பொருளாகக் கொள்ள நாம் முன்வரவில்லை. அதனைக் கல்வியியல் துறைக்கு உரியது என்று ஒதுக்கினோம். கல்வியியல் துறையோ தமிழை உள்ளடக்கமாகக் கண்டதேயன்றி மொழியாய்வுப் பொருளாகக் கண்டதில்லை.

கடற்கரைச் சொற்களும் எண்மப் பதிவும்

பாம்பனில் 2016-இல் மீனவர்க்கெனத் தொடங்கப்பெற்ற 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4 என்னும் அலைவரிசையில் ஒலிக்கிறது. பண்பலை வானொலி புதிய தொழில்நுட்பம் அன்று. ஆயினும் கேட்போரின் தொழிலையும் பேச்சையும் தனதாக்கிக்கொண்டதனால் அது அக்கரையில் வேரூன்றியது. பள்ளிக்குள் நாம் கொண்டுவரும் கருவிகள் எதிலும் அப்பேச்சு இல்லை.

தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்பன பாடநூற் சொற்களல்ல. எந்தக் காற்றில் தந்தை கடலுக்குப் போவார், எந்தக் காற்றில் வலையை உலர்த்துவார் என்பது அப்பிள்ளைக்குத் தெரியும். வாடையும் கொண்டலும் சங்கப் பாடல்களில் வருவன. உரையாசிரியர்கள் 'வடகாற்று', 'கீழ்காற்று' என்று எழுதிச் சென்ற இடத்தில், அக்காற்றுகளின் குணத்தையே கூறத்தக்க மக்கள் இன்னும் கரையில் இருக்கின்றனர். நாட்டுப்படகு, வத்தை, கரைவலை, பார், பாசி எடுத்தல் என்று அம்மக்களின் வழக்கில் உள்ள சொற்றொகுதி பெரிது. இச்சொற்களைப் பேசுவோரின் குரலிலேயே பதிந்து, பொருளும் இடமும் குறித்து, நெய்தல் திணைப் பாடத்தோடு இணைத்துத் தரும் ஒரு தமிழாசிரியர் செய்வதே முழுமையான கல்வித் தொழில்நுட்பப் பணி. அதற்கு வேண்டிய கருவி கையிலிருக்கும் திறன்பேசி. வேண்டிய அறிவு தொல்காப்பியப் பொருளதிகாரமும் களஆய்வு முறையும்.

இப்பணியை இன்றே செய்ய வேண்டிய காரணமும் உண்டு. மாணவர் உரக்க வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. 2022 சூன் மாதத்தில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் ரீட் அலாங் செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடந்தது. இவ்வகைச் செயலிகள் தமக்கு ஊட்டப்பட்ட குரல்களிலிருந்தே தமிழைக் கற்கின்றன. கடற்கரைப் பிள்ளையின் ஒலிப்பு அக்குரல்களுள் இல்லையெனில், அப்பிள்ளை சரியாக வாசித்தாலும் பிழை என்று காட்டப்படக்கூடும். ஏழு வயதுப் பிள்ளை தன் பேச்சே பிழை என்று கருவியிடமிருந்து கற்பது சிறிய தீங்கன்று. எது வட்டார ஒலிப்பு, எது வாசிப்புப் பிழை என்று பிரித்துச் சொல்லத்தக்கவர் மொழியியல் பயின்ற தமிழாசிரியர். அவரைக் கேட்காமலேயே செயலிகள் உருவாகின்றன. கேட்கும்படி நாமும் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

எழுத்துருச் சிக்கலையும் இங்கு விட்டுவிட இயலாது. தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பல பள்ளிகளின் வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் இன்னும் பாமினியிலும் வானவில்லிலும் உறங்குகின்றன. நம் ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளே சான்று. அவற்றைத் தேட முடியாது. வேறு கணினியில் திறந்தால் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். காணொலி எடுப்பதற்கு முன் தமிழாசிரியர் பெற வேண்டிய பயிற்சி ஒருங்குறியில் தமிழ்99 விசைப்பலகை கொண்டு தட்டச்சிடுதல் என்பேன். கவர்ச்சியற்ற பயிற்சிதான். ஆனால் அகர வரிசை இல்லாமல் அபிதான சிந்தாமணி இல்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ம நூலகம், ஈழத்தவர் எழுத்தைப் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் தன்னார்வலர் உழைப்பால் காத்துவருகிறது. பெருநிதியும் அரசாணையும் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தனுஷ்கோடியின் இக்கரையில் அத்தகைய முயற்சிக்கு வேண்டிய ஆள்வலிமை ஒவ்வோர் ஒன்றியத்திலும் இருக்கிறது.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன

தமிழ்த்துறைகளால் பள்ளி ஏணியை மாற்ற இயலாது. தம் வாயிலை மாற்ற இயலும். பள்ளியாசிரியர் பதிந்து விளக்கக் குறிப்புகளோடு ஒழுங்குபடுத்திய ஒலித்தொகுப்பை ஆய்வேட்டுக்கு நிகராக ஏற்கலாம். ஆய்விதழ்களில் நூல் மதிப்புரைக்கு இடம் இருப்பதுபோல எண்மப்பாட மதிப்புரைக்கும் இடம் தரலாம். மணற்கேணி, தீக்ஷா தளங்களில் உள்ள தமிழ்ப்பாடங்களைப் பெயர் சுட்டி, நிறைகுறை கூறி, திருத்தம் தந்து எழுதலாம். கல்லூரிப் பேராசிரியரும் பள்ளியாசிரியரும் இணைந்து எழுதும் கட்டுரையில் பள்ளியாசிரியரின் பெயர் நன்றியுரையில் அல்லாமல் தலைப்பின்கீழ் வரவேண்டும்.

இதனால் ஆய்வின் தரம் குறையும் என்று மூத்த பேராசிரியர்கள் அஞ்சுவதை அறிவேன். அவ்வச்சம் முற்றும் காரணமற்றதன்று. சொற்களைச் சேர்த்து அடுக்குவது மட்டுமே ஆய்வாகாது. திறன்பேசிப் பதிவுகள் பலவும் யார், எங்கே, எப்போது என்ற குறிப்பின்றிப் பயனிழந்து கிடப்பதையும் பார்க்கிறோம். ஆயினும் அவ்வொழுங்கைக் கற்பிப்பதுதானே துறையின் பணி. 'செந்தமிழ்' இதழ் தொடங்கிய காலத்தில் ஏட்டுச்சுவடியை நன்கு ஆராய்ந்து பதிப்பிக்கும் முறை எல்லோருக்கும் கைவந்திருந்ததா? எழுதியும் மறுத்தும் திருத்தியுமே அது உருவாயிற்று.

இவற்றைத் தொடங்கத் தனி நிதியாண்டு தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மூத்தோர் வலை பின்னிக்கொண்டு கேட்போருக்கு விடை சொல்லும் ஓய்வோடு இருப்பர். அந்நாட்களின் பெரும்பகுதி பள்ளிக் கோடைவிடுமுறையோடு பொருந்துகிறது. முதுகலைத் தமிழ் மாணவர் இருவர், அவ்வூர்ப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர், ஒருங்குறியில் அமைந்த ஒரு பதிவுப்படிவம் என்ற அளவில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி ஆகிய நான்கு இடங்களில் வரும் தடைக்காலத்திலேயே இது நடைபெறலாம். படிவத்தில் முதற்கட்டத்தில் ஆசிரியரின் பெயர், இரண்டாவதில் பேசியவரின் பெயரும் ஊரும் அவர் தந்த இசைவும், மூன்றாவதில் அன்று வீசிய காற்றின் பெயர்.